ஊரடங்குக்குப் பிறகு நடக்கத் தொடங்கினால் வலி கூடுகிறது: நிறுத்துவதா, தொடர்வதா?

மயிலை வாசகி
14 ஜூலை 2021

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. மயிலாப்பூரில் வசிக்கிறேன், கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். 2017-இல் எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுவதும் நீடித்த வலியும் களைப்பும் தரும் நோய்) இருப்பதாக மூட்டுவாத மருத்துவர் உறுதிசெய்தார். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் கழுத்து எலும்புத் தேய்மானம், வைட்டமின் டி குறைவு, மனச்சோர்வு என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்தபின் மாத்திரையும் கிடைத்தது. ஆனால் என்னை நிமிர்ந்து நிற்க வைத்தது மாத்திரையைவிட நடைதான். நாகேஸ்வரராவ் பூங்காவில் தினமும் காலை ஆறு மணிக்குத் தோழியர் இருவருடன் 40 நிமிடம் நடப்பேன். மூன்று ஆண்டுகள் மழை நாட்களைத் தவிர அது தடைப்பட்டதே இல்லை.

2020 மார்ச் 25-இல் அது நின்றது. ஏப்ரலில் மொட்டை மாடியில் சுண்ணக்கட்டியால் எட்டு வடிவம் போட்டு நடக்கத் தொடங்கினேன். தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவே கிடைத்த இடத்தில் அந்த வடிவம் பன்னிரண்டு அடிக்கு மேல் நீளவில்லை. ஐந்தாறு காலடி வைப்பதற்குள் உடலைத் திருப்ப வேண்டியிருந்ததால், மூன்றாம் வாரத்தில் இடது இடுப்பின் வெளிப்புறம் எரியத் தொடங்கியது. ஜூன் மாதம் சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது, எங்கள் குடியிருப்பில் ஒருவருக்குத் தொற்று உறுதியானதால் மாடிக் கதவையும் பூட்டிவிட்டார்கள். அதன்பின் உணவு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நாளுக்கு ஐந்து மணி நேரம் வகுப்பெடுப்பதும், வகுப்பு முடிந்ததும் சமையலறைக்குள் நுழைவதுமாக ஓராண்டுக்கு மேல் போய்விட்டது. வலி பழைய நிலைக்கும் கீழே, 2016-இல் இருந்த இடத்துக்கே என்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

இரண்டாம் அலை தணிந்து பூங்கா திறந்ததும் மீண்டும் தொடங்கினேன். கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலையில் பழையபடி 40 நிமிடம் நடந்தேன். நடக்கும்போது பெரிய தொந்தரவு ஏதும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் பல் துலக்கக் கையைத் தூக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே கழிகிறது. வெள்ளிக்கிழமைதான் ஓரளவு மனுஷியாகிறேன். மூன்று வாரமும் இதே கதை. 'வலிக்கிறபோது எதற்கு நடக்கிறாய், முதலில் வலி போகட்டும்' என்கிறார் என் அம்மா. 'வலித்தாலும் விடாதே, விட்டால் முடங்கிவிடுவாய்' என்கிறார் தோழி. வலி முழுவதும் தணியும்வரை காத்திருப்பதா? வலியோடு நடந்தால் உள்ளே ஏதாவது கெட்டுப்போகுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

கோவை இயன்முறையாளன்
14 ஜூலை 2021

வணக்கம் அம்மா. பதினாறு ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். உங்களை நேரில் சோதிக்காமல் சொல்கிறேன் என்பதை மனத்தில் கொண்டு இதைப் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு கேள்வி. ஏப்ரல், மே மாதங்களில் உங்களுக்குக் காய்ச்சலோ, கொரோனா தொற்றோ இருந்ததா? இருந்திருந்தால் நான் கீழே சொல்பவை அப்படியே உங்களுக்குப் பொருந்தா. தொற்றுக்குப் பிந்தைய களைப்பில், உழைத்த மறுநாளோ அதற்கு மறுநாளோ உடல் சரிந்துவிடும் ஒரு நிலை உண்டு. அங்கே படிப்படியாகக் கூட்டும் பயிற்சியே கேடாக முடியலாம்.

தொற்று இல்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் வலி உண்மையானது. ஆனால் உள்ளே எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதை அந்த வலியைக் கொண்டு அளக்க முடியாது. மூன்று மாதங்களைத் தாண்டி நீடிக்கும் வலியில், குறிப்பாக ஃபைப்ரோமயால்ஜியாவில், தசையிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் சாதாரணச் செய்தியைக்கூடத் தண்டுவடமும் மூளையும் பெரிதாக்கிவிடுகின்றன. திருவிழா மைக்கின் ஒலியை யாரோ முழுவதும் ஏற்றி வைத்துவிட்டால், தொண்டையைச் செருமுவதுகூட நான்கு தெருவுக்குக் கேட்கும் அல்லவா, அதைப் போன்றது இது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நலமாக இருப்பவர்களுக்கு உடற்பயிற்சி செய்த சற்று நேரத்துக்கு வலி உணர்வு மட்டுப்படும். ஃபைப்ரோமயால்ஜியா உள்ள பலரிடம் இந்தத் தணிப்பு சரியாக நடப்பதில்லை. எனவே உங்கள் தோழிக்கு ஒத்துக்கொள்ளும் அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதில் உங்கள் மனவுறுதிக் குறைவு ஏதும் இல்லை.

ஆயினும் உங்கள் அம்மா சொல்வதுபோல் வலி போகட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். 2017-இல் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் கூட்டமைப்பு ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான பரிந்துரைகளைத் திருத்தியபோது, வலுவான பரிந்துரை என்ற தகுதியை உடற்பயிற்சி ஒன்றுக்கு மட்டுமே கொடுத்தது. மருந்துகள் எதற்கும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை. இந்த ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலும், வேறு நோய் எதுவும் காரணமாகாத நாட்பட்ட வலிக்குப் பாரசிட்டமாலையும் இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று சொல்லி, மேற்பார்வையோடு கூடிய உடற்பயிற்சியை முன்வைக்கிறது.

ஆகவே நடக்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் தவறு நேர்ந்திருக்கிறது. ஓராண்டுக்கு மேல் நடக்காத உடலிடம் பழைய 40 நிமிடத்தைக் கேட்டிருக்கிறீர்கள். பேருந்து நிறுத்தம், கல்லூரிப் படிக்கட்டு, கடைத்தெரு என்று நீங்கள் கணக்கில் வைக்காத நடையும் இந்தக் காலத்தில் போய்விட்டது. அசைவு குறைந்ததுதான் உங்கள் வலி கூடியதற்கு மூலக் காரணம் என்று கருதுகிறேன். மிக மோசமான செவ்வாய்க்கிழமையில்கூட எத்தனை நிமிடம் நடக்க முடியும் என்று பாருங்கள். 12 நிமிடம் என்றால் 9 நிமிடத்தில் தொடங்குங்கள். அதை ஞாயிறு மட்டும் இல்லாமல் தினமும் நடக்க வேண்டும். மறுநாள் காலை வலி வழக்கமான அளவிலேயே இருந்தால் அந்த அளவு உங்களுக்கு ஏற்றது. கூடுதலாக இருந்தால் இரண்டு நிமிடம் குறையுங்கள். இரண்டு வாரம் அப்படியே நின்ற பிறகு ஒரு நிமிடம் கூட்டலாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளிலும் குறித்த நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். என்னிடம் வருபவர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது இந்தக் கட்டளைதான். முடிந்த நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு முடியாத நாளில் படுத்துவிடும் பழக்கம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

9 நிமிடத்தால் என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம், 2020 நவம்பரில் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

எட்டு நடை வேண்டாம். சிறிய எட்டில் திரும்பித் திரும்பி நடக்கும்போது இடுப்பின் பக்கவாட்டுத் தசைநார்கள் அதிகம் இழுபடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதையும், சமையல் மேடை முன் ஒரே காலில் பாரத்தைச் சாய்த்து நிற்பதையும் சில வாரங்கள் தவிருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து எழுவதை ஐந்து முறையிலிருந்து தொடங்கலாம்.

ஒரே மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர்க் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

உறையூர் ஆசிரியன்
15 ஜூலை 2021

இயன்முறை மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியை யாரும் சாதாரணமாகக் கடந்துபோக வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். எனக்கு மே மாதம் தொற்று வந்தது; மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போகவில்லை. முதுகுவலி பத்து ஆண்டுகளாக இருப்பதால், பயிற்சியை விட்டால் அது திரும்பிவிடும் என்ற பயத்தில் ஐந்தாவது வாரமே காவிரிக் கரையில் நடக்கத் தொடங்கினேன். நடந்த அன்று ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டக்கூட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது என் மருத்துவர் சொன்னபடி, களைப்பு தலைகாட்டும் முன்பே நிறுத்திக்கொள்கிறேன். அளவைக் கூட்டுவது பற்றிய பேச்சே இப்போதைக்கு இல்லை.

வடமராட்சியான், லண்டன்
16 ஜூலை 2021

வணக்கம். எனக்கு அன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ், இருபத்திரண்டு வருடங்களாக. முதுகெலும்பின் மூட்டுகளில் அழற்சி ஏற்பட்டு, கவனிக்காவிட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நோய் இது. இயன்முறை மருத்துவர் எழுதியதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனால் இதைப் படிக்கும் எல்லாருக்கும் அது பொருந்திவிடாது. எங்களுடைய வலி ஓய்வெடுத்தால் கூடும், அசைந்தால் குறையும். இரவின் பின்பாதியில் எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் உடல் மரக்கட்டையாகக் கிடக்கும். அப்படிப்பட்ட வலி உள்ளவர்கள், அதுவும் நாற்பது வயதுக்குள் தொடங்கியிருந்தால், ஃபைப்ரோமயால்ஜியா என்றோ வேலைக் களைப்பு என்றோ நினைத்து விட்டுவிடாமல் மூட்டுவாத வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்தில் நாங்கள் பட்டதையும் சொல்கிறேன். 2020 மார்ச் 23-இல் இங்கே முடக்கம் அறிவித்தபோது, நாளுக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்காக வெளியே போகலாம் என்று எல்லாருக்கும் அனுமதி இருந்தது. ஆனால் நான் நோயெதிர்ப்பைக் குறைக்கும் ஊசியும் மாத்திரையும் எடுப்பவன், நீரிழிவும் உண்டு. அதனால் அந்த ஒரு தடவைகூட வெளியேறக்கூடாது என்று கடிதம் வந்தது. ஜூன் 1 வரை வாசலைத் தாண்டவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு நீச்சல் தடாகம். வெந்நீர்த் தடாகத்தில் கிழமைக்கு இரண்டு நாள் இயன்மருத்துவரோடு செய்த பயிற்சி அடியோடு நின்றது. இங்கிலாந்தில் பொதுத் தடாகங்கள் ஜூலை 25-இல் திறந்தன, நவம்பரில் மூடின, மறுபடி திறந்து மறுபடி மூடி, கடைசியாக இந்த வருடம் ஏப்ரல் 12-இல் திறந்தன. இதை நம்பி உடம்பை வைத்திருக்க முடியாது என்பது எனக்கு அப்போது புரிந்தது.

என் வீட்டு நடைபாதையின் சுவரில்தான் பிறகு எல்லாம் நடந்தது. குதிகாலையும் முதுகையும் சுவரில் ஒட்டி நின்று, நாடியை (மோவாயை) உயர்த்தாமல் தலையின் பின்புறத்தைச் சுவரில் தொட முயல்வேன். மார்ச்சில் தொட்டது, மே மாதத்தில் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு நின்றது. அந்த இடைவெளியைக் கண்ட அன்று நான் பயந்ததுபோல் கொரோனாவுக்குக்கூடப் பயப்படவில்லை. காலை, மத்தியானம், இரவு என்று மூன்று வேளையும் பத்துப் பத்து நிமிடம் கழுத்தையும் நெஞ்சுக்கூட்டையும் விரிக்கும் பயிற்சி செய்தேன்; ஆழ்ந்து மூச்செடுப்பது அதில் பாதி. செப்டம்பரில் ஒரு விரற்கடையாகக் குறைந்தது. இன்றுவரை முழுவதும் தொடவில்லை.

சகோதரி, உங்களுடைய நோய் வேறு என்பதால் என் அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டாம். பூங்கா பூட்டினாலும் தொடரக்கூடிய ஒன்று வீட்டுக்குள்ளும் இருக்கட்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். மூன்றாவது அலை வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

வைகைக் கரை
18 ஜூலை 2021

மதுரையிலிருந்து எழுதுகிறேன். வயது 56, முடக்குவாதம் (மூட்டுகளில் அழற்சி ஏற்பட்டு வீங்கும் நோய்) வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இங்கு எழுதியவர்கள் அனைவரும் ஊரடங்கில் அசைவு குறைந்தது என்ற இடத்திலிருந்தே பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, தங்கை. உன் கேள்வியிலேயே 'வகுப்பு முடிந்ததும் சமையலறைக்குள் நுழைவதும்' என்று ஒரு வரி இருக்கிறது. நீ அதை எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டாய், இவர்களும் கடந்துவிட்டார்கள்.

2020 மார்ச்சில் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா வர முடியாமல் போனார். சம்பளத்தைக் கொடுத்து அனுப்பினோம், வேலை என் கைக்கு வந்தது. வெளியூரில் படித்த மகனும் மகளும் வீடு திரும்பினார்கள். கணவர் வீட்டிலிருந்தே அலுவலகம் பார்த்தார். மூன்று வேளையும் ஐந்து பேருக்குச் சமையல். ஓட்டல் இல்லை, மாவு வாங்கவும் பயம். ஆகவே வாரம் இருமுறை கிரைண்டர். அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவும்போது மணிக்கட்டில் ஏற்படும் வலி முடக்குவாதம் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். வீடு துடைத்த துணியை முறுக்கிப் பிழிவது, தேங்காய் துருவுவது, குக்கர் மூடியைத் திருகுவது எல்லாம் விரல்களைப் பக்கவாட்டில் தள்ளும் வேலைகள். எங்கள் நோயில் விரல்கள் கோணுவதும் அந்தத் திசையில்தான். நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஓட்டத்தில் என் தொடையோ முதுகோ வலுப்பெறவில்லை. ஒரே தசைகள் இடைவிடாமல் உழைத்தன, மற்றவை தூங்கின. வீட்டு வேலையே போதும், தனியாக எதற்கு உடற்பயிற்சி என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மருந்துத் தட்டுப்பாட்டையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு பரவியதும், தினமும் அதை நம்பி வாழ்ந்த எங்களுக்கு மாத்திரை கிடைக்கவில்லை. மருந்துச் சீட்டோடு ஒன்பது கடை ஏறி இறங்கினோம். இபுப்ரோஃபென் எடுத்தால் கொரோனா தீவிரமாகும் என்று பிரான்ஸ் நாட்டுச் சுகாதார அமைச்சர் 2020 மார்ச் 14-இல் சொன்னது நம்மூர் வாட்ஸ்அப் வரை வந்து சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் சில நாட்களிலேயே அந்த மருந்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை என்று விளக்கியது மட்டும் வந்து சேரவில்லை. நானும் பயந்து வலி மாத்திரையை நிறுத்தினேன். மருந்து இல்லாமல், வீங்கிய கையோடு எந்தப் பயிற்சியும் செய்ய முடியாது. தொலைபேசி வழியாக மருத்துவரிடம் பேசி மருந்தைச் சரிசெய்த பிறகுதான் காலை வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி விரிக்கவே முடிந்தது.

ஆகவே, தங்கை, நடையின் நிமிடத்தை எழுதுவதற்கு முன்பு வீட்டு வேலையின் நிமிடத்தை எழுது. பத்து நாள் எழுதிப் பார். வீட்டில் மற்றவர்களுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.

கோவை இயன்முறையாளன்
18 ஜூலை 2021

மதுரை அம்மா சொன்னது சரி. அசைவு குறைந்ததே மூலக் காரணம் என்று நான் எழுதியது அவசர முடிவு. சுமை எப்படி மாறியது என்று கேட்டிருக்க வேண்டும். நோயாளிகளிடம் பயிற்சி எத்தனை நிமிடம் என்று கேட்கும் நாங்கள், பெண் நோயாளிகளிடம் வீட்டில் துணி துவைப்பவர் யார் என்று கேட்பதில்லை. மயிலை அம்மா அந்தக் குறிப்பேட்டை எழுதினால், நான் சொன்ன 9 நிமிடத்தையும் அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.

லண்டன் ஐயா சொன்ன வேறுபாடும் முக்கியம். நான் விவரித்த முறை அழற்சியால் வரும் வலிக்கானது அன்று. அங்கே முதலில் மருந்து அழற்சியை அடக்க வேண்டும்.

மயிலை வாசகி
1 ஆகஸ்ட் 2021

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. எனக்குத் தொற்று வரவில்லை. முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கிறேன், இரண்டாவதற்குக் காத்திருக்கிறேன்.

பத்து நாள் எழுதினேன். பழைய கல்லூரிக் குறிப்பேட்டில் இடப்பக்கம் நடை, வலப்பக்கம் வீட்டு வேலை, அடியில் மறுநாள் காலை வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஓர் எண். நான்காம் நாளே ஒன்று புலப்பட்டது. மூன்று முறையும் ஞாயிற்றுக்கிழமையில் நடந்தேன் என்று நானேதான் எழுதியிருந்தேன். வகுப்பு இல்லாத நாள் என்பதால் நடைக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். அதே காரணத்தால் வாரத்தின் கனமான வேலைகள் எல்லாமும் அந்த நாளில்தான் இருந்தன. படுக்கை விரிப்புகளை ஊறவைத்துத் துவைப்பது, வீடு முழுவதும் துடைப்பது, வாரத்துக்கான மாவு அரைப்பது என்று நடந்து வந்த பிறகு மூன்றரை மணி நேரம் வேலை செய்திருக்கிறேன். திங்கட்கிழமை என் கை உயரவில்லை என்றால், அதற்கு நடை மட்டும் காரணம் என்று நான் எப்படி நம்பினேன் என்பது இப்போது எனக்கே வியப்பாக இருக்கிறது. கால்களைவிடத் தோள்களே அதிகம் வலித்தன என்பதைக்கூட நான் யோசித்துப் பார்க்கவில்லை.

குறிப்பேட்டைக் கணவரிடமும் மகனிடமும் காட்டினேன். வாயால் சொன்னபோது புரியாதது, மணிக்கணக்கைப் பார்த்தபோது புரிந்தது. வீடு துடைப்பதும் விரிப்புகளும் இப்போது மகனுடைய பொறுப்பு. கிரைண்டர் கணவருடையது, புதன்கிழமைக்கு மாறிவிட்டது. முதல் வாரம் மாவு கெட்டியாகத்தான் இருந்தது. இட்லி கல்லாக வந்தது, சாப்பிட்டோம்.

நடை தினமும் காலை 9 நிமிடம், மாலை 9 நிமிடம். பூங்காவில் என் தோழியர் முழுச் சுற்றுகளைத் தொடர, நான் முதல் வாயில் அருகே இருக்கும் சிமென்ட் இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறேன். முதல் நான்கு நாட்கள் அது அவமானமாகத்தான் இருந்தது. நன்றாக இருந்த ஒரு வியாழக்கிழமை, எழுந்து அவர்களோடு போய்விடலாம் என்று கால் துடித்தது. கோவை மருத்துவர் எழுதியதை நினைத்து உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம் படுப்பதை விட்டதில் இடுப்பு எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. நாற்காலியில் ஐந்து முறை எழுவது இப்போது ஏழாகியிருக்கிறது. மறுநாள் காலை எண், ஜூலை 19 அன்று 8. இந்த வாரம் முழுவதும் 5 அல்லது 6.

மருத்துவரிடம் ஒரு சந்தேகம். இரண்டு வாரம் முடிந்ததும் ஒரு நிமிடம் கூட்டச் சொன்னீர்கள். காலை, மாலை இரண்டிலும் கூட்டுவதா, காலையில் மட்டுமா? வரும் புதன்கிழமை மாவு அரைக்கும் நாள் என்பதால், வியாழக்கிழமை தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

கோவை இயன்முறையாளன்
1 ஆகஸ்ட் 2021

காலையில் மட்டும் கூட்டுங்கள் அம்மா. மாலை 9 நிமிடம் இன்னும் இரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும். வியாழக்கிழமையே தொடங்கலாம், மாவை அரைப்பது இப்போது நீங்கள் இல்லையே.